12 வருஷம் இருந்துட்டா இடம் சொந்தமாகிடுமா? எல்லைத் தகராறும் அனுபவ உரிமையும்... தெரிந்துகொள்ள வேண்டிய சட்டக் கணக்கு!

‘ஒரு இடத்துல 12 வருஷம் இருந்துட்டா அது நமக்கே சொந்தம். யாராலும் காலி பண்ண முடியாது!’

டீக்கடை பெஞ்சு முதல் கல்யாண வீட்டுப் பந்தி வரை இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் குறைவு. இதை நம்பிப் பக்கத்து மனையில் இரண்டடி தள்ளி சுவர் வைப்பவர்களும் உண்டு. இதற்குப் பயந்து, பத்து வருடமாக இருக்கும் நல்ல வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்பவர்களும் உண்டு. ‘நம்ம பேர்லதான் பத்திரம் இருக்கே... யார் என்ன பண்ணிட முடியும்?’ என்று வெளியூரில் நிம்மதியாக இருந்துவிட்டு, திரும்பி வந்து பார்த்து அதிர்ந்துபோகிறவர்களும் உண்டு.

மூன்று தரப்புமே சட்டத்தைப் பாதிதான் தெரிந்துவைத்திருக்கிறார்கள். மீதிப் பாதி தெரியாததால் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோகிறது. கால் சென்ட் இடத்துக்காக கோர்ட் வாசலில் தலைமுறையே கழிகிறது.

தகராறு எங்கே ஆரம்பிக்கிறது?

கிராமத்தில் அது வரப்பில் ஆரம்பிக்கும். ஒவ்வொரு உழவுக்கும் வரப்பை ஒரு விரற்கடை செதுக்கினால்கூட போதும். பத்துப் பதினைந்து வருடத்தில் ஓரடிக்கு மேல் நகர்ந்துவிடும். டிராக்டர் ஓட்டும்போது சர்வே கல் பெயர்ந்துவிட்டால், கல் இருந்த இடம் எது என்பதே பெரிய வழக்காகிவிடும்.

நகரத்தில் அது சந்தில் ஆரம்பிக்கும். ‘ரெண்டடிதானே அண்ணே... மழைத்தண்ணி போறதுக்கு மட்டும் விட்டுக்கிறேன்’ என்று கேட்பார் பக்கத்து வீட்டுக்காரர். ‘சரி தம்பி, பார்த்துக்கலாம்’ என்று இவரும் சொல்லிவிடுவார். அடுத்த ஆண்டு அங்கே குழாய் வரும். அதற்கடுத்து மோட்டார், பிறகு ஒரு தகரக் கூரை. இரண்டு அப்பாக்களும் காலமான பிறகு, பிள்ளைகள் காலத்தில் அது சுவராகி நிற்கும். அப்போது ‘விட்டுக்கொடுத்தது’ என்பதற்கும் சாட்சி இருக்காது, ‘ஆக்கிரமித்தது’ என்பதற்கும் சாட்சி இருக்காது.

2 அடி அகலம், 40 அடி நீளம் என்றால் 80 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. அதாவது சண்டை நடப்பது கால் சென்ட்டுக்கும் குறைவான இடத்துக்கு. ஆனால், அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனையில் வீடு கட்டும் குடும்பத்துக்கு அந்த இரண்டடி போனால், ஜன்னல் வைக்க இடமிருக்காது. விதிப்படி விட வேண்டிய பக்கவாட்டு இடைவெளி குறைந்து, கட்டட அனுமதியே சிக்கலாகும். இடத்தின் விலையைவிட இழப்பு பெரிதாக இருப்பது இதனால்தான்.

எல்லையைச் சொல்லும் ஆவணம் எது?

‘பட்டா என் பேர்ல இருக்கு’ என்பது பலரின் பெரிய நம்பிக்கை. பட்டா என்பது வருவாய்த் துறைப் பதிவு. அது மட்டுமே உரிமைக்கான முழு ஆதாரமாகிவிடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. சொத்து எப்படி வந்தது என்பதைக் காட்டும் கிரையம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, உயில் ஆகியவைதான் அடிப்படை. அவற்றுக்குத் துணையாக நிற்பது பட்டா.

பத்திரத்தில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது ‘செக்குபந்தி’ எனப்படும் நான்கெல்லை விவரம். வடக்கே யார், தெற்கே எது, கிழக்கே எந்தப் பாதை, மேற்கே யாருடைய மனை என்று எழுதியிருப்பார்களே... அதுதான். பத்திரத்தில் எழுதிய அளவும், நான்கெல்லைக்குள் இருக்கும் அளவும் ஒத்துப்போகவில்லை என்றால், பொதுவாக நான்கெல்லைக்கே நீதிமன்றங்கள் முன்னுரிமை தருகின்றன. ‘5 சென்ட்னு எழுதியிருக்கு, ஆனா உள்ளே நாலே முக்கால்தான் இருக்கு’ என்று பக்கத்து மனையில் கால் சென்ட்டைப் பிடிக்க முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது, எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படம். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நில அளவைத் துறை வைத்திருக்கும் வரைபடம் இது. எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்லுக்கு எவ்வளவு தூரம் என்பது இதில் இருக்கும். அதோடு ‘அ’ பதிவேடு, சிட்டா, விவசாய நிலமென்றால் யார் என்ன பயிர் செய்தார்கள் என்று சொல்லும் அடங்கல் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பல எல்லைக் குழப்பங்களுக்கு விதை விழுந்தது யு.டி.ஆர். காலத்தில். 1979-ல் தொடங்கி 1980-களில் நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், பட்டாப் பதிவுகள் புதுப்பிக்கப்பட்டன. பெயர் மாறியது, விஸ்தீரணம் கூடியது குறைந்தது, உட்பிரிவு தவறாக விழுந்தது எனப் பல பிழைகள் அப்போது நுழைந்தன. நிலத்தை விற்கும்போதோ, பாகம் பிரிக்கும்போதோதான் பல குடும்பங்களுக்கு அது தெரியவருகிறது. தாத்தா காலத்துப் பழைய ஆவணங்களைப் பரணில் பத்திரமாக வைத்திருக்க வேண்டியதன் அவசியம் இங்கேதான் புரியும்.

அளந்து பார்ப்பது எப்படி?

சந்தேகம் வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம், முறைப்படி அளப்பது. இ-சேவை மையத்திலோ, தமிழ்நிலம் இணையதளத்திலோ கட்டணம் செலுத்தி, நில அளவைக்கு விண்ணப்பிக்கலாம். அரசு சர்வேயர் நாள் குறித்து, அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களுக்கும் தகவல் கொடுத்து, புலப்படத்தை வைத்து அளந்து எல்லையைக் காட்டுவார். ஊர்ப்புறங்களில் ‘எஃப் லைன் மனு’ என்று சொல்வது இதைத்தான்.

தனியார் சர்வேயரை வைத்து அளப்பது நமக்கு ஒரு தெளிவு கிடைக்க உதவும். ஆனால், எதிர்த்தரப்பு அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. அரசு அளவையிலும் திருப்தி இல்லையென்றால், மேல் அலுவலரைக் கொண்டு மறு அளவை கேட்கலாம். அதிகாரபூர்வமாக நட்ட சர்வே கல்லைப் பிடுங்குவதோ நகர்த்துவதோ தண்டனைக்குரிய குற்றம்.

1923-ம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒரு கெடுவும் உண்டு. அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு பகுதி முழுவதும் அளக்கப்பட்டு, அளவை முடிந்ததாக அறிவிக்கை வெளியானால், அதில் குறிக்கப்பட்ட எல்லையால் பாதிக்கப்பட்டவர் 3 ஆண்டுகளுக்குள் சிவில் நீதிமன்றத்தை நாட வேண்டும். ஊரில் ரீ-சர்வே நடக்கிறது என்று கேள்விப்பட்டால், எங்கிருந்தாலும் ஒரு எட்டு வந்து பார்த்துவிடுவது நல்லது.

சரி, அளந்தாகிவிட்டது. பக்கத்து வீட்டுச் சுவர் நம் மனைக்குள் இரண்டடி வந்திருக்கிறது என்றும் தெரிந்துவிட்டது. ‘அது எங்கப்பா கட்டின சுவரு. 15 வருஷமா அங்கேதான் இருக்கு’ என்கிறார் எதிர்வீட்டுப் பிள்ளை. இப்போதுதான் அந்த 12 ஆண்டுக் கணக்கு உள்ளே வருகிறது.

12 ஆண்டுக் கணக்கு என்பது என்ன?

வழக்கறிஞர்கள் ‘அட்வர்ஸ் பொசஷன்’ என்றும், தமிழில் ‘எதிரிடை அனுபவ உரிமை’ என்றும் சொல்லும் இந்த விஷயம், 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்திலிருந்து வருகிறது. அதன் 65-வது ஷரத்துப்படி, தனக்கு உரிமையான அசையாச் சொத்தை இன்னொருவரிடமிருந்து மீட்க நினைப்பவர், எதிராளியின் அனுபவம் தன் உரிமைக்கு எதிராக மாறிய நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். போடாவிட்டால்?

கடன் வழக்கில் கெடு முடிந்தால், வழக்குப் போடும் வழி மட்டும்தான் அடைபடும். நிலத்தில் அப்படியில்லை. அதே சட்டத்தின் 27-வது பிரிவு, கெடு முடிந்ததும் சொத்தின் மீதான உரிமையே அற்றுப்போகும் என்கிறது. பத்திரம் பீரோவில் இருக்கும். ஆனால், அதற்குள் இருந்த உரிமை போய்விட்டிருக்கும். இந்தச் சட்டம் ஆபத்தானதாகத் தெரிவதற்குக் காரணம் இந்தப் பிரிவுதான்.

அடுத்தவர் நிலத்தில் உட்கார்ந்தவருக்குச் சட்டம் ஏன் இப்படிச் சலுகை காட்ட வேண்டும்? இதன் பின்னால் இருக்கும் பழைய வாதம் இது: நிலத்தைச் சொந்தக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, இன்னொருவர் அதில் உழைத்து, வாழ்ந்து, ஊரறிய அனுபவிக்கிறார். பல காலம் கழித்து, சாட்சிகள் இறந்து, ஆவணங்கள் தொலைந்த பிறகு அந்த ஏற்பாட்டைக் கலைப்பது குழப்பத்தில்தான் முடியும். எனவே, தன் உரிமை மீது தூங்குபவருக்குச் சட்டம் ஒரு கெடு வைக்கிறது.

இதில் 1963-ல் வந்த மாற்றம் முக்கியமானது. 1908-ம் ஆண்டின் பழைய சட்டத்தில், நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட உரிமையாளர், தான் 12 ஆண்டுகளுக்குள் அங்கே அனுபவத்தில் இருந்ததையும் சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. இப்போது உரிமையாளர் தன் உரிமையை நிரூபித்தால் போதும். ‘12 ஆண்டுகள் எதிரிடையாக அனுபவித்தேன்’ என்று நிரூபிக்கும் சுமை, அப்படிச் சொல்பவர் தலையில் விழுகிறது. அந்தச் சுமை லேசானதும் இல்லை.

நிரூபிக்க வேண்டிய 5 கேள்விகள்

2004-ல் கர்நாடக வக்ஃபு வாரியத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையிலான வழக்கில், அனுபவ உரிமை கேட்பவர் எவற்றைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பட்டியலிட்டது. இன்றுவரை கீழ் நீதிமன்றங்கள் கையில் வைத்திருக்கும் அளவுகோல் அது.

1. எந்தத் தேதியிலிருந்து அனுபவத்தில் இருக்கிறார்?

2. அந்த அனுபவத்தின் தன்மை என்ன? எந்த முறையில் உள்ளே வந்தார்?

3. அந்த அனுபவம் உண்மையான உரிமையாளருக்குத் தெரியுமா?

4. எவ்வளவு காலம் தொடர்ந்தது?

5. அது வெளிப்படையாக, இடையூறின்றி இருந்ததா?

‘ரொம்ப வருஷமா இருக்கோம்’ என்பது முதல் கேள்வியிலேயே அடிபட்டுப்போகும். ரகசியமாக வேலியை நகர்த்தியது, ஆளில்லாத நேரத்தில் கற்களை அடுக்கியது எல்லாம் வெளிப்படையான அனுபவம் ஆகாது. நடுவில் மூன்று வருடம் விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்திருந்தால், தொடர்ச்சி அறுந்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. ‘இது இன்னாருடைய இடம் என்று எனக்குத் தெரியும். அவருடைய உரிமையை மறுத்து, என் சொந்த இடமாக அனுபவித்தேன்’ என்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். அதனால்தான், ‘என் பத்திரத்துலயே இந்த ரெண்டடி இருக்கு. அப்படி இல்லேன்னா, 12 வருஷ அனுபவத்துல எனக்கு வந்துடுச்சு’ என்று ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைப்பவர்களின் வாதம் பல வழக்குகளில் விழுந்திருக்கிறது. இடம் ஆரம்பத்திலிருந்தே தன்னுடையது என்றால், யாருக்கு எதிராக அனுபவித்தார்? இரண்டும் ஒன்றுக்கொன்று முரணான வாதங்கள் என்கிறது உச்ச நீதிமன்றம். அளவு தெரியாமல் தவறுதலாகத் தள்ளிக் கட்டிய சுவர், 12 ஆண்டு நின்றுவிட்டதாலேயே தானாக உரிமை தந்துவிடாது என்று உரிமையாளர் தரப்பு வாதாட இங்கே இடமிருக்கிறது.

யாரெல்லாம் இந்த உரிமை கேட்க முடியாது?

வாடகைதாரர், குத்தகைதாரர்: சொந்தக்காரரின் உரிமையை ஒப்புக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். 12 ஆண்டுகள் இல்லை, 40 ஆண்டுகள் இருந்தாலும் வாடகைதாரர் வாடகைதாரர்தான். ‘10 வருஷம் ஆச்சு, காலி பண்ணிடணும்’ என்ற பயம் தேவையில்லை. ஆனால், எழுத்துபூர்வ ஒப்பந்தமும், வாடகை வாங்கியதற்கான ஆதாரமும் இருக்க வேண்டும். ஒப்பந்தமே இல்லாமல், வாடகையும் வாங்காமல் விட்டுவைத்தால், அவர் வாடகைதாரர் என்பதை நிரூபிப்பதே கஷ்டமாகிவிடும்.

காவலாளி, தோட்டக்காரர், பார்த்துக்கொள்ளும் உறவினர்: உரிமையாளரின் அனுமதியோடு, அவர் சார்பில் இருப்பவர்கள் இவர்கள். எத்தனை காலம் இருந்தாலும் உரிமை கோர முடியாது என்று 2012-ல் கோவாவைச் சேர்ந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொல்லியிருக்கிறது. ‘பாவம், சித்தப்பா பையன்தானே, இருந்துட்டுப் போகட்டும்’ என்று விடுவதில் தவறில்லை. ஆனால், ‘உங்கள் அனுமதியின் பேரில் இருக்கிறேன்’ என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டால், பின்னாளில் உறவும் கெடாது, இடமும் கெடாது.

கூட்டுச் சொத்தில் இருக்கும் பங்காளி: பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது. ‘அக்கா, நீ கல்யாணமாகிப் போய் 20 வருஷமாச்சு. அன்னையிலேருந்து நான்தான் உழறேன், வரி கட்டறேன். உனக்கு இனிமே பங்கு கிடையாது’ என்று தம்பி சொன்னால், அதைக் கேட்டு ஒதுங்கிவிட வேண்டியதில்லை. கூட்டு உரிமையாளர்களில் ஒருவருடைய அனுபவம், எல்லோருடைய அனுபவமாகவே கருதப்படும். 1956-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. தம்பி அனுபவ உரிமை கேட்க வேண்டுமென்றால், அக்காவுக்குத் தெரியும்படி அவளது பங்கை வெளிப்படையாக மறுத்து, அந்த மறுப்புக்குப் பிறகு 12 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். தனியாக உழுததோ, பட்டாவைத் தன் பெயரில் மாற்றிக்கொண்டதோ மட்டும் போதாது.

எனவே, பங்கை மறுக்கும் பேச்சு வந்த நாள்தான் விழித்துக்கொள்ள வேண்டிய நாள். ‘அம்மா இருக்கற வரைக்கும் கேட்க வேண்டாம்’ என்று பொறுத்திருக்கும் பெண்கள், அந்தப் பொறுமையை 12 ஆண்டுகளுக்கு நீட்டித்துவிடக் கூடாது.

வாங்கும்போதே கவனம்!

‘நான் போன மாசம்தான் மனை வாங்கினேன். எனக்கு 12 வருஷம் டைம் இருக்கு’ என்று நினைப்பது தப்புக்கணக்கு. உங்களுக்கு விற்றவர் காலத்திலேயே ஆக்கிரமிப்பு தொடங்கியிருந்தால், கடிகாரம் அப்போதிருந்தே ஓடுகிறது. கைமாறியதால் அது மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்காது.

வில்லங்கச் சான்றிதழில் இது தெரியவும் தெரியாது. பதிவான பத்திரங்கள் மட்டும்தான் அதில் வரும். பக்கத்துக்காரர் தள்ளிக் கட்டிய சுவர் வராது. முன்பணம் கொடுப்பதற்கு முன் மனையை அளந்து, நான்கு மூலைக் கல்லையும் நேரில் பார்ப்பதுதான் ஒரே வழி.

கேடயமா, வாளா?

அனுபவ உரிமை என்பது, தன் மீது வழக்கு வரும்போது தற்காத்துக்கொள்ள மட்டுமே பயன்படும். அதை வைத்துத் தானாக வழக்குப் போட முடியாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொல்லியிருந்தது. 2019 ஆகஸ்ட் 7 அன்று, நீதிபதி அருண் மிஸ்ரா தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த நிலையை மாற்றியது. 12 ஆண்டுகள் பூர்த்தியாகி உரிமை கனிந்துவிட்டால், அனுபவதாரரே வழக்குப் போட்டு உரிமையை நிலைநாட்டலாம். அவரை அத்துமீறி வெளியேற்றினால், இடத்தை மீட்கவும் வழக்குப் போடலாம் என்றது. அதேசமயம், பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்ட சொத்துகளில் இப்படி உரிமை உருவாகாது என்று சட்டத்திலேயே தெளிவுபடுத்துவது நல்லது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

புறம்போக்கு, கோயில் நிலம்?

அரசு நிலத்துக்கு 12 ஆண்டுக் கணக்கு பொருந்தாது. 112-வது ஷரத்துப்படி அரசுக்கு 30 ஆண்டுகள். 1908-ம் ஆண்டுச் சட்டத்தில் இது 60 ஆண்டுகளாக இருந்தது. 30 ஆண்டுகள் இருந்துவிட்டாலும், பொதுச் சொத்து என்பதால் நீதிமன்றங்கள் ஆதாரங்களை மிகக் கறாராகவே ஆராயும்.

‘பி மெமோ கட்டிக்கிட்டிருக்கோம், அதனால இடம் எங்களுக்குத்தான்’ என்று நம்பும் குடும்பங்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. பி மெமோ என்பது ஆக்கிரமிப்புக்காக விதிக்கப்படும் அபராதத் தீர்வை. அதன் ரசீது, நீங்கள் அங்கே இருந்ததைக் காட்டும். கூடவே, அது அரசு நிலம் என்பதை நீங்கள் ஒப்புக்கொண்டதாகவும் அமையலாம். வீட்டு வரி ரசீதும், மின் இணைப்பும் அப்படித்தான்; இருப்பைச் சொல்லுமே தவிர, உரிமையைச் சொல்லாது. வேறு போக்கிடமில்லாத ஏழைக் குடும்பங்களுக்கு அனுபவ உரிமை வழக்கைவிட, அரசு விதிகளின்படி வரன்முறைப்படுத்தி வீட்டுமனைப் பட்டா கேட்பதுதான் நடைமுறையில் பலன் தரும் வழி. ஆனால் ஏரி, குளம், கால்வாய் போன்ற நீர்நிலைப் புறம்போக்கில் அதற்கும் வாய்ப்பில்லை. அவற்றிலிருந்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது.

கோயில் நிலத்திலும் இந்த வாதம் எடுபடாது. 1959-ம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டத்தின் 109-வது பிரிவு, கோயில் சொத்தை மீட்கும் வழக்குகளுக்குக் காலவரையறை இல்லை என்கிறது.

அரசே ஆக்கிரமித்தால்?

ஹரியானாவில் காவல் துறையின் பிடியில் இருந்த ஒரு தனியார் நிலத்துக்கு, அந்த மாநில அரசே அனுபவ உரிமை கோரி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011-ல் அந்த மனுவைத் தள்ளுபடி செய்த நீதிமன்றம், மக்களைப் பாதுகாக்க வேண்டிய அரசே இப்படிக் கேட்பதைக் கடுமையாக விமர்சித்து, 50,000 ரூபாய் வழக்குச் செலவும் விதித்தது.

ஹிமாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்த 80 வயது மூதாட்டியின் வழக்கு இன்னும் உருக்கமானது. 1967-68-ல் அவர் நிலத்தைச் சாலை போட எடுத்துக்கொண்ட அரசு, நிலமெடுப்பு நடவடிக்கையோ, இழப்பீடோ எதுவும் தரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கைம்பெண்ணுக்குத் தன் உரிமை பற்றித் தெரியவே பல பத்தாண்டுகள் ஆனது. அவர் நீதிமன்றம் போனபோது, ‘42 ஆண்டுகளாக எங்கள் அனுபவத்தில் இருக்கிறது’ என்றது அரசு. 2020 ஜனவரி 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மக்கள் நல அரசு தன் குடிமகளின் சொத்தில் அனுபவ உரிமை கேட்க முடியாது என்று சொல்லி, இழப்பீட்டோடு 10 லட்சம் ரூபாய் வழக்குச் செலவும் தர உத்தரவிட்டது.

சட்டத்தை மாற்ற வேண்டாமா?

நேர்மையான உரிமையாளரைத் தண்டித்து, அத்துமீறியவருக்குப் பரிசளிப்பதுபோல இருக்கும் இந்தச் சட்டத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றமே மத்திய அரசுக்கு யோசனை சொன்னது. விஷயம் சட்ட ஆணையத்துக்குப் போனது. நீதிபதி ரிதுராஜ் அவஸ்தி தலைமையிலான 22-வது சட்ட ஆணையம், 2023-ல் தந்த தன் 280-வது அறிக்கையில், 12 ஆண்டு, 30 ஆண்டு கெடுவை மாற்றத் தேவையில்லை என்று பரிந்துரைத்தது. ஆணையத்தில் பதவி வழி உறுப்பினர்களாக இருந்த அரசுச் செயலாளர்கள் அதற்கு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார்கள்.

இந்தச் சட்டத்தின் தாய்வீடான இங்கிலாந்து, 2002-ல் தன் விதியை மாற்றிக்கொண்டுவிட்டது. அங்கே பதிவு செய்யப்பட்ட நிலத்தில் 10 ஆண்டுகள் இருந்தவர் விண்ணப்பித்தால், முதலில் உரிமையாளருக்குத் தகவல் போகும். அவர் ஆட்சேபித்தால், சில விதிவிலக்குகள் தவிர, நிலத்தை மீட்க அவருக்கு 2 ஆண்டுகள் கிடைக்கும். இங்கே அப்படித் தட்டி எழுப்பும் ஏற்பாடு எதுவும் இல்லை. நாமேதான் விழித்திருக்க வேண்டும்.

உங்கள் இடத்தைக் காப்பாற்ற...

* வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தாலும், வருடத்துக்கு ஒரு முறையாவது நேரில் போய்ப் பாருங்கள். நான்கு மூலையையும், சுற்றுப்புறத்தையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

* வேலி போடுங்கள். முடியாவிட்டால், நான்கு மூலையிலும் கல்லாவது நடுங்கள். வரி ரசீதுகளை உங்கள் பெயரில் தொடர்ந்து வைத்திருங்கள்.

* அப்பா, அம்மா காலமான பிறகு வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல் ஆகியவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

* ஆக்கிரமிப்பு தெரிந்ததும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். ஆனால், வெறும் நோட்டீஸ் அனுப்பினால் 12 ஆண்டுக் கடிகாரம் நிற்காது. ‘வருஷா வருஷம் நோட்டீஸ் விட்டுக்கிட்டுதான் இருக்கேன்’ என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கெடுவுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். அல்லது, கெடு முடிவதற்குள் எதிராளி உங்கள் உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

* உங்கள் அனுபவத்தில் இருந்த இடத்திலிருந்து அத்துமீறி வெளியேற்றப்பட்டால், குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 1963-ன் 6-வது பிரிவின் கீழ் 6 மாதங்களுக்குள் வழக்குப் போடலாம். இதில் ‘யாருக்கு உரிமை’ என்ற ஆராய்ச்சியே கிடையாது. அனுபவத்தில் இருந்ததையும் வெளியேற்றப்பட்டதையும் காட்டினால் போதும். ஆனால், அரசுக்கு எதிராக இந்தப் பிரிவைப் பயன்படுத்த முடியாது.

* உரிமையே கேள்விக்குள்ளாகி, இடமும் எதிராளி கையில் இருந்தால், நிரந்தரத் தடை கேட்டு மட்டும் வழக்குப் போடுவது பலன் தராது. உரிமை விளம்புகையும், சுவாதீனத்தை மீட்கும் பரிகாரமும் சேர்த்துக் கேட்க வேண்டும். எல்லைதான் பிரச்னை என்றால், சர்வேயரோடு சென்று அளந்து அறிக்கை தர, வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கும்படி மனு செய்யலாம்.

* கடப்பாரையை எடுத்துக்கொண்டு சுவரை இடிக்கப் போகாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், கிரிமினல் வழக்கு உங்கள் மீது வரும். ‘இது சிவில் மேட்டர்’ என்று போலீஸ் ஒதுங்கினாலும், அடிதடி நடக்கும் அபாயம் இருந்தால் ஆர்.டி.ஓ. விசாரணைக்குச் சட்டத்தில் வழி உண்டு.

கோர்ட்டுக்குப் போகும் முன்...

எல்லைத் தகராறில் எதிரில் நிற்பவர் முன்பின் தெரியாத ஆள் இல்லை. தினமும் முகத்தில் விழிக்க வேண்டிய பக்கத்து வீட்டுக்காரர், அல்லது நம் தட்டில் சாப்பிட்டு வளர்ந்த தம்பி. தீர்ப்பு யாருக்குச் சாதகமாக வந்தாலும், அதே சுவருக்கு இரண்டு பக்கமும்தான் இரு குடும்பங்களும் வாழ வேண்டும்.

அதனால் சமரசத்துக்கு வழியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு பக்கம் இரண்டடி போயிருந்தால், பின்பக்கத்தில் அதே அளவு இடத்தை வாங்கிக்கொண்டு பரிவர்த்தனைப் பத்திரம் போடலாம். இடிக்க முடியாத கட்டடமென்றால், அந்த இடத்துக்கு மட்டும் விலை பேசிக் கிரையம் செய்துவிடலாம். எதுவானாலும் பதிவு செய்யுங்கள். பெரியவர்கள் முன்னால் வாய்ப்பேச்சில் முடித்துக்கொண்டது, அடுத்த தலைமுறையில் மறுபடி முளைக்கும்.

வழக்கு தொடுத்த பிறகும் மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம். அங்கே முடிந்தால், கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும்; அந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடும் கிடையாது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லையே என்று பெண்கள் தயங்க வேண்டாம். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் விண்ணப்பித்தால் போதும்.

பத்திரம், பட்டா, புலப்படம் மூன்றையும் இந்த வார இறுதியில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மூன்றிலும் அளவும் எல்லையும் ஒன்றாக இருக்கின்றனவா? இடத்தில் இருக்கும் வேலியும் அதோடு பொருந்துகிறதா? பொருந்தவில்லை என்றால், அந்த வேலி எந்த ஆண்டு போடப்பட்டது என்று உடனே விசாரியுங்கள். அந்த ஆண்டோடு 12-ஐக் கூட்டினால் வருவதுதான் உங்களுக்கு இருக்கும் அவகாசம்!